பூட்டிய பெட்டி

எமது அயல்வீட்டிலே சென்ற மாதம் ஒரு சிறு ஆலோசனைக் கூட்டம் நடைபெற்றது. வீட்டிற்கு ஒரு கணினி வாங்குவது பற்றிய ஆலோசனை அது. மூத்த மகன் பல்கலைக்கழகம் புகவிருக்கின்றான். இளைய மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். தாயார் இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையிலே இருக்கின்றது. அது போனால் இன்னொரு முறை சேர்ப்பதற்கு மேலும் இரண்டு வருடம் வேண்டும்.

"திரையும் பெட்டியும் ஒன்றாயிருக்கிற மாதிரி ஒன்று எடுப்பம். மேசையிலே இடமும் மிச்சம், வயர்களும் குறைவு" என்றார் தாயார். "அதை எடுத்தால் பிறகு ஒன்றையும் கூட்டவும் ஏலாது, மாற்றவும் ஏலாது அம்மா" என்றான் மகன். தந்தையார் எம்மை நோக்கி, "நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றார்.

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. அவர்கள் இருவரும் எழுப்பிய வழக்கு புதிய வழக்கன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு புகழ்பெற்ற கணினியை ஆக்கியோரிடையிலேயே அது நடந்து முடிந்தது. அந்தக் கதையைத்தான் நாம் அவர்களுக்குச் சொன்னோம். இவ்வாரம் எம் வாசகர்களுக்கும் அதனையே சொல்ல விழைகின்றோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, அப்பிள் நிறுவனத்திற் பணிபுரிந்த ஜெஃப் ரஸ்கின் என்பவர் 1979ஆம் ஆண்டிலே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அந்நாளிற் பல கணினிகள் தனித்தனி உறுப்புகளின் கூட்டமாகவே இருந்தன. பெட்டி ஒன்று, திரை வேறொன்று, வட்டு இயக்கி மற்றொன்று. இவற்றை இணைக்கும் வடங்களோ பல. ரஸ்கின் விரும்பியது வானொலிப் பெட்டியைப் போல வாங்கி வந்து, செருகி, முடுக்கியவுடன் பயன்படுத்தத்தக்க ஒரு கருவி. திரையும் கணினியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். விலை ஆயிரம் டொலர் அளவிலே நிற்றல் வேண்டும். தமக்கு விருப்பமான அப்பிள் பழவகை ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினார். அதுவே மக்கின்ரொஷ்.

எல்லாம் ஒன்றான கணினி அதற்கு முன்னர் இல்லாமற் போகவில்லை. 1977ஆம் ஆண்டிலேயே கொமடோர் நிறுவனத்தின் 'பெற்' என்னும் கணினி, திரையையும் விசைப்பலகையையும் ஒரே உடலிற் கொண்டு வெளிவந்தது. ஆயினும் அத்தகைய கணினிகளுள் உலகத்தார் உள்ளத்திலே நிலைத்து நின்றது மக்கின்ரொஷே.

1981ஆம் ஆண்டிலே அத்திட்டம் ஸ்டீவ் ஜொப்ஸ் கைக்கு மாறிற்று. ரஸ்கின் எண்ணியிருந்த மலிவான நுண்செயலி நீங்கி, மோட்டோரோலா நிறுவனத்தின் 68000 என்னும் வலிமை மிக்க நுண்செயலி புகுந்தது. கையாற் பிடித்து நகர்த்தும் சுட்டி வந்தது. ஆசை வளர வளர விலையும் வளர்ந்தது. 1984ஆம் ஆண்டு சனவரி 24ஆந் தேதி அக்கணினி அறிமுகமானபோது அதன் விலை 2,495 டொலர். ஆயிரம் டொலர் வீட்டுக் கருவி என்னும் கனவு அவ்விடத்திலேயே கலைந்தது.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்பர் எம் பெரியோர். மக்கின்ரொஷை ஆக்கியோர் நிலை அதுவேயாம். அதற்கு முந்திய ஆண்டிலே அதே நிறுவனம் 'லிசா' என்னும் கணினியை வெளியிட்டது. அதில் ஒரு மெகாபைற்று நினைவகம் இருந்தது. விலையோ 9,995 டொலர். லிசா செய்த வித்தைகளை அதன் விலையிற் காற்பங்குக்குச் செய்து காட்டுதல் வேண்டும்; அதுவும், தொலைபேசி விவரக்கொத்து அடைக்கும் இடத்திற்கு மேல் மேசையில் அடைக்கலாகாது என்பது ஜொப்சின் கட்டளை. இரண்டையும் ஒருங்கே காக்க முனைந்தால் எங்கேனும் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டுமன்றோ?

எங்கெங்கே விட்டுக்கொடுத்தனர் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது நினைவகம். லிசாவின் நினைவகத்தில் எட்டிலொரு பங்கு, 128 கிலோபைற்று மட்டுமே மக்கின்ரொஷுக்குக் கிடைத்தது. அதிலும் முதற் பங்கு திரைக்கு. ஒன்பது அங்குலத் திரையிலே குறுக்கே 512 புள்ளிகள், நெடுக்கே 342 வரிகள். ஆக 1,75,104 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்பதைக் குறித்துவைக்க 21,888 பைற்றுகள் வேண்டும். கணினி தன்னை இயக்குவதற்கு வேண்டிய இடத்தையும் கழித்தால், எழுதுபவனுக்கு எஞ்சியது மிகச் சிறிது. கணினியோடு கொடுக்கப்பட்ட மக்ரைட் என்னும் எழுத்து நிரல், கட்டுரை முழுவதையும் நினைவகத்திலேயே வைத்திருந்தது. அதனால் ஏறத்தாழப் பத்துப் பக்கத்திற்கு மேல் ஒரே கட்டுரையாக எழுத இயலவில்லை. கடிதம் எழுதலாம், ஆய்வேடு எழுதுவதாயின் துண்டு துண்டாக வெட்டியே எழுதுதல் வேண்டும்.

எனினும் இந்த வறுமையிலும் ஒரு வளம் இருந்தது. அக்காலத்துக் கணினிகள் பலவற்றிலே எழுத்துருவங்கள் ஒரு சில்லில் வார்த்து வைக்கப்பட்டிருந்தன. அச்சில்லிலே உள்ள எழுத்துத்தான் திரையில் வரும். மக்கின்ரொஷிலோ எழுத்தும் படமே. புள்ளிகளைக் கொண்டு வரையத்தக்க எதுவும் அங்கே தோன்றலாம். அத்தகைய திரைக்கு ஆங்கில 'ஏ'யும் தமிழ் அகரமும் வேறல்ல. தமிழ் எழுத்துகள் கணினித் திரைகளில் இன்று தடையின்றி உலாவுவது இந்தப் புள்ளி நெறியினாலேயே ஆகும். நினைவகத்தில் 21,888 பைற்றுகளைத் திரைக்கென ஒதுக்கியது வீண் செலவன்று என்பதை இதனால் உணரலாம்.

இரண்டாவது, ஒரே நினைவகத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டமை. திரைக்கெனத் தனி நினைவகம் வைத்தாற் செலவு மிகும். ஆதலின், மின்சுற்றுப் பலகையை வரைந்த பரல் ஸ்மித் என்னும் இளைஞர், கிணறு ஒன்றிலே இரண்டு வீட்டார் முறைவைத்து அள்ளுவதுபோல, திரையும் நுண்செயலியும் மாறி மாறி நினைவகத்தைத் தொடும்படி அமைத்தார். நுண்செயலி செக்கனுக்கு 78 இலட்சத்திற்கு மேற்பட்ட துடிப்புகளைக் கொண்டது. ஆனால் திரைக்காகக் காத்து நின்றதனாற் சராசரியில் 60 இலட்ச அளவிலேயே அதன் உழைப்புப் பயன்பட்டது.

அம்மட்டோ! திரையில் ஒரு வரி எழுதி முடிந்து மறுவரி தொடங்குவதற்கிடையே ஒரு கணப்பொழுது ஓய்வு உண்டு. அந்த ஓய்வையும் அவர் வீணாக்கவில்லை. அப்போது நினைவகத்திலிருந்து ஒரு பைற்றை எடுத்து ஒலிக்குக் கொடுத்தார். இன்னொரு பைற்றை எடுத்து வட்டு இயக்கியின் சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தக் கொடுத்தார். செக்கனுக்கு 22,000 தடவைக்கு மேல் இது நிகழ்ந்தது. பிற கணினிகள் தனித்தனிச் சில்லுகள் வைத்துச் செய்த பணிகளை இங்கே ஓர் இடைவெளி செய்தது. பழஞ்சேலையைப் பாவாடையாகவும், எஞ்சிய துண்டைத் தலையணை உறையாகவும் தைத்துவிடும் கெட்டிக்காரத் தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள் செட்டுக்கும் இந்தச் செட்டுக்கும் வேறுபாடில்லை.

மூன்றாவது வட்டு இயக்கி. பெட்டிக்குள் வன்தட்டு இல்லை. மூன்றரை அங்குல நெகிழ்வட்டு இயக்கி ஒன்று மட்டுமே உண்டு. வட்டின் ஒரு பக்கத்திலே 80 தடங்கள். வெளித்தடம் நீளமானது, உள்தடம் குறுகியது. எல்லாத் தடங்களிலும் உள்தடத்திற்கு இயன்ற எட்டுக் கூறுகளையே எழுதியிருந்தால் 320 கிலோபைற்றே கொள்ளும். அவர்கள் தடங்களைப் பதினாறு பதினாறாக ஐந்து வகுப்பாகப் பிரித்து, வெளிவகுப்பிலே பன்னிரண்டு கூறுகளும், பின்னர் பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு எனக் குறைந்துவரும்படியும் எழுதினர். வெளித்தடத்திற் செல்லும்போது வட்டு மெல்லச் சுழலும். உள்ளே வரும்போது விரைந்து சுழலும். இவ்வாறு 400 கிலோபைற்றை அடக்கினர். மாணவர்கள் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம்: மொத்தம் 800 கூறுகள், கூறு ஒன்றிற்கு 512 பைற்றுகள்.

ஆனால் இயக்கி ஒன்றே என்பதனால் வந்த தொல்லை சிறிதன்று. ஒரு வட்டைப் பிரதி செய்வதாயின் முதல் வட்டைச் செருகி, சிறிது வாசித்து, அதனை வெளியே தள்ளி, மற்ற வட்டைச் செருகி, சிறிது எழுதி, மீண்டும் முதல் வட்டைக் கேட்கும். வட்டோ 400 கிலோபைற்று; நினைவகத்தில் எஞ்சிய இடமோ அதிற் காற்பங்குமில்லை. எத்தனை முறை மாற்றவேண்டியிருக்கும் என்பதை எண்ணிக்கொள்ளலாம். இரண்டாவது இயக்கியைத் தனிவிலை கொடுத்து வாங்கி வெளியே இணைத்தவர்களே இத்தொல்லையினின்றும் தப்பினர்.

இதுவரை கூறியவை பணத்தினால் நேர்ந்த குறைகள். இவற்றை நாம் குறைகூற விரும்பவில்லை. இல்லாதவன் இருப்பதைக் கொண்டு இல்லம் நடத்துவது இழிவன்று. அது ஒரு கலை. இனிக் கூறப்போவன வேறு வகையின.

அக்கணினிக்கு மின்விசிறி இல்லை. அதன் இரைச்சலை ஜொப்ஸ் விரும்பவில்லை. பல்லாயிரம் வோல்ற்றளவில் இயங்கும் கதோட்டுக் கதிர்க் குழாயும், மின்வழங்கியும், மின்சுற்றுப் பலகையும் ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடந்தன. மேலும் கீழுமாக அமைந்த துவாரங்களினூடே இயல்பாக எழும் காற்றே அவற்றைக் குளிர்த்தல் வேண்டும். அறை அமைதியாயிருந்தது உண்மை. ஆனால் வெப்பத்தினால் மின்வழங்கிப் பலகையிலே ஈயப்பற்றுகள் வெடித்து, திரை செயலிழந்த கணினிகள் பல. பெட்டியின் மேல் அட்டையாற் செய்த புகைபோக்கி ஒன்றை வைத்துக் காற்றை இழுக்கச் செய்தவர்களும் இருந்தனர். எல்லாம் ஒன்றான பெட்டியின் பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகின்றது. தனித் திரை பழுதுற்றால் திரையை மட்டும் மாற்றலாம். ஒன்றான பெட்டியிலே திரை பழுதுற்றாற் கணினி முழுவதுமே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

விசைப்பலகையிலே அம்புக்குறி விசைகள் இல்லை. அவற்றை வைத்தால் மக்கள் சுட்டியைப் பழகமாட்டார்கள், நிரல் எழுதுவோரும் பழைய வழியிலேயே எழுதுவார்கள் என்று அஞ்சி வேண்டுமென்றே விலக்கினர். மிதிவண்டி பழகட்டும் என்று பிள்ளையின் செருப்பை ஒளித்து வைப்பதை ஒத்தது இச்செயல்.

மேலதிக அட்டைகளைச் செருகும் இடமும் பெட்டிக்குள் இல்லை. பெட்டியைத் திறப்பதற்கும் சாதாரண திருப்புளி உதவாது. கைப்பிடியின் அடியிலே ஆழக் குழிக்குள் இருக்கும் நட்சத்திர வடிவத் திருகாணிகளைக் கழற்ற நீண்ட கழுத்துள்ள தனிக் கருவி வேண்டும். உள்ளே உயர் வோல்ற்றளவு இருந்தமையால் அறியாதார் திறவாதிருத்தல் நன்றே. ஆயினும் நோக்கம் பாதுகாப்பு ஒன்று மட்டுமன்று. 'இக்கருவி முழுமையானது, வாங்குபவர் இதிற் கைவைக்க வேண்டியதில்லை' என்னும் எண்ணமும் அதன் பின்னே நின்றது. அந்தப் பெட்டியின் உட்சுவரிலே அதனை ஆக்கிய குழுவினரின் கையொப்பங்கள் வார்க்கப்பட்டிருந்தன. கலைஞர் தம் ஆக்கத்திற் கையொப்பமிடுதல் மரபென்று 1982ஆம் ஆண்டிலே எல்லோரும் கூடி ஒப்பமிட்டனர். அழகிய செயலே. ஆனால் பணங் கொடுத்து வாங்கியவன் காணக்கூடாத இடத்திலே அக்கையொப்பங்கள் இருந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்விடத்திலே இரண்டு சிறு கள்ளத்தனங்களைக் குறிப்பிடவேண்டும். அத்திட்டத்தில் உழைத்தவர்களே பிற்காலத்திற் சொல்லி மகிழ்ந்தவை இவை.

முதலில் மக்கின்ரொஷுக்கென எண்ணியிருந்த வட்டு இயக்கி, லிசாவுக்காக நிறுவனமே ஆக்கிய ஐந்தேகால் அங்குல இயக்கி. அது நம்பத்தக்கதாக அமையவில்லை. யப்பானின் சோனி நிறுவனம் செய்த மூன்றரை அங்குல இயக்கி ஆயத்தமாயிருந்தது. ஜொப்சோ வேறொரு யப்பானிய நிறுவனத்தைக் கொண்டு புதிதாகச் செய்விக்கவே ஆணையிட்டார். அது காலத்திற்கு முடியாதென அறிந்த பொறியியலாளர், சோனி நிறுவனத்தாரோடு இரகசியமாகப் பேச்சைத் தொடர்ந்தனர். ஒரு நாள் ஜொப்ஸ் திடீரென வந்துவிட, சோனியிலிருந்து வந்திருந்த பொறியியலாளரை ஓர் அறையலுமாரிக்குள் ஒளித்து வைத்தார்களாம்! ஈற்றில் மற்ற நிறுவனத்தின் இயக்கி காலந் தாழ்த்தவே, ஒளித்து வைத்த ஏற்பாடே கணினியைக் காப்பாற்றிற்று.

இரண்டாவது, பரல் ஸ்மித் செய்தது. அக்கணினியின் நினைவகம், 64 கிலோபிற்றுச் சில்லுகள் பதினாறினால் ஆனது. அவை பலகையோடு ஈயத்தாற் பற்றவைக்கப்பட்டிருந்தன. நினைவகத்தைப் பெருக்க இடம் வைத்தல் வேண்டாம் என்பது மேலிடத்து முடிவு. ஆனால் ஒவ்வொன்றும் நான்கு மடங்கு கொள்ளும் சில்லுகள் விரைவில் வரும் என்பதை ஸ்மித் அறிவார். ஆகவே, பின்னர் அச்சில்லுகளைப் பொருத்துவதற்கு வேண்டிய சில மின்கோடுகளை அவர் ஒருவருக்கும் பறைசாற்றாது பலகையிலே வரைந்து வைத்தார்.

அவர் வரைந்த அக்கோடுகளின் அருமை விரைவிலேயே புலப்பட்டது. 1984ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திலேயே 512 கிலோபைற்று நினைவகத்தோடு புதிய மக்கின்ரொஷ் வெளிவந்தது. சனவரியிலே 2,495 டொலர் கொடுத்தவனின் கணினி எட்டு மாதத்திற் பழையதாயிற்று. பலகையையே மாற்றுவதற்கு அவன் மேலும் பணங் கொடுத்தல் வேண்டும். அல்லது துணிந்த சிலர் செய்தவாறு பழைய சில்லுகளின் ஈயத்தை உருக்கிக் கழற்றிப் புதியனவற்றைப் பற்றவைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தவர்களுக்குக் கைகொடுத்தவை ஸ்மித் வரைந்து வைத்த அந்தக் கோடுகளே.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். ஆரம்ப ஆரவாரம் அடங்கியதும் விற்பனை தளர்ந்தது. 1985ஆம் ஆண்டிலே ஜொப்ஸ் நிறுவனத்தை விட்டு நீங்கினார். அதே ஆண்டிலே வெளிவந்த லேசர் அச்சுப்பொறியும் பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு நிரலும் மக்கின்ரொஷுக்குப் புதுவாழ்வு அளித்தன. 1986 சனவரியில் வந்த மக்கின்ரொஷ் பிளசிலே நினைவகத்தைக் கழற்றிப் பூட்டலாம். ஒரு மெகாபைற்றிலிருந்து நான்கு வரை உயர்த்தலாம். வன்தட்டை இணைக்க வழியுண்டு. விசைப்பலகையில் அம்புக்குறிகளும் வந்துவிட்டன. அது 1990 வரை விற்கப்பட்டது. 1987இல் வந்த எஸ்.இ. என்னும் வகையிலே மின்விசிறியும், வன்தட்டும், அட்டை செருகும் இடமும் ஒருங்கே இடம்பெற்றன. வீம்பினால் மறுக்கப்பட்டவை ஒவ்வொன்றாக, வந்த வழி தெரியாமல் உள்ளே வந்து சேர்ந்தன. அளவிற் சிறிதும் மாறாத ஒன்பது அங்குலத் திரையும் ஒன்றான பெட்டியும் மட்டும் நிலைத்து நின்றன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? 'எல்லாம் ஒன்றாயிருத்தல்' குறையன்று. நினைவகத்தைப் பங்கிட்டமையும் குறையன்று. நாளைக்கென ஒரு கதவைத் திறந்து வையாமையே குறை. விலைக்காக விட்டுக்கொடுத்தவற்றைக் காலம் மன்னித்தது. வீம்புக்காக அடைத்தவற்றைக் காலமே உடைத்தது.

இக்கதை பழங்கதையென்று ஒதுக்கத்தக்கதுமன்று. இன்று விற்பனையாகும் மெல்லிய கணினிகள் பலவற்றிலே நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகின்றது. வாங்கும் நாளிலே எவ்வளவோ, இறக்கும் நாளிலும் அவ்வளவே. பத்தாயிரம் ரூபாவை மிச்சம் பிடித்தோம் என்று மகிழ்ந்தவர்கள், நான்கு ஆண்டுகளிற் கணினி முழுவதையுமே மாற்றவேண்டிய நிலைக்கு வரலாம்.

ஆகவே அயல்வீட்டாருக்கு நாம் எந்த வகையை வாங்கவேண்டும் என்று கூறவில்லை; கடைக்காரரிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தோம். நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியுமா? சேமிப்பு வட்டைக் கழற்றி மாற்ற முடியுமா? திரை பழுதுற்றால் உள்ளேயுள்ள பிள்ளைகளின் பாடக்குறிப்புகளை வெளியே எடுக்க முடியுமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்னும் மறுமொழி வந்தால் ஒன்றான பெட்டியையே அச்சமின்றி வாங்கலாம். 'இல்லை' என்று வந்தால், அந்த இழப்பையும் விலையோடு கூட்டிக் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

கதை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த தாயார் இறுதியில் ஒன்று கேட்டார்: "அந்தக் கோடுகளைக் கீறி வைத்த தம்பியின் கையொப்பமும் பெட்டிக்குள்ளே இருக்குதோ?"

இருக்கின்றது என்றோம்.

சென்ற சனிக்கிழமை அவர்கள் கடைக்குச் சென்றனர். முதற் கடையிலே அந்த மூன்று கேள்விகளுக்கும் ஒழுங்கான மறுமொழி கிடைக்கவில்லை. இரண்டாவது கடைக்காரர் ஒன்றான கணினி ஒன்றைத் திருப்பி, பின்புறத்திலிருந்த சிறிய மூடியைக் கழற்றி, நினைவகம் செருகும் இரண்டு இடங்களைக் காட்டினார். ஓரிடம் வெறுமையாக இருந்தது. மகன் தாயைப் பார்த்தான். தாய் கைப்பையைத் திறந்தார்.